டெகுவுக்கு மூலிகைப் பொட்டலம்: கலவையை விடுங்கள், தனி இலையை வாங்குங்கள்

ஜெர்மனியிலோ பிரிட்டனிலோ செல்லப்பிராணிக் கடைக்குள் போனால், முயல் தீவன அலமாரியின் ஓரத்தில் ‘சின்சில்லா, டெகு’ என்று இரண்டு சிறு கொறிப்பான்களின் பெயரை அச்சடித்த மூலிகைப் பொட்டலங்கள் தொங்கும். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இலை, பூ, காய்கறித் துண்டு எல்லாம் சேர்ந்த வண்ணக் கலவை. மற்றது, ஒரே செடியின் காய்ந்த இலையை மட்டும் அடைத்த தனிப் பொட்டலம். பிள்ளைகளின் கை கலவையைத்தான் எடுக்கும். காசு கொடுக்கத் தகுந்தது தனிப் பொட்டலம்.

காரணம் டெகுவின் உடம்பில் இருக்கிறது. சிலி நாட்டின் நடுப்பகுதியில், மழை குறைந்த புதர்க்காட்டில் வாழும் கொறிப்பான் அது. புல், புதர் இலை, பட்டை, விதை என்று நார் மிகுந்த, இனிப்பில்லாத தீனியிலேயே வளர்ந்த இனம். அதன் இன்சுலின் பெரும்பாலான பாலூட்டிகளின் இன்சுலினைவிட வலுக் குறைந்தது. சர்க்கரை ஏறினால் கண்ணில் தெரிந்துவிடும். விழிவில்லையில் இருக்கும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி டெகுவுக்கு மிகத் துடிப்பானது. அது குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றுகிறது, சார்பிட்டால் நீரை இழுக்கிறது, வில்லை வெளுத்துக் கண்புரை விழுகிறது. நீரிழிவு வந்த சில வாரங்களுக்குள்ளேயே இது நடந்துவிடலாம்.

வளர்ந்த டெகுவின் எடை 170 முதல் 300 கிராம். அரை கிராம் எடையுள்ள ஒரே ஒரு உலர்திராட்சையை 200 கிராம் டெகு தின்பது, 60 கிலோ மனிதர் ஒரே மூச்சில் 150 கிராம் திராட்சை தின்பதற்குச் சமம். ‘ஒன்றே ஒன்றுதானே’ என்று கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது கலவைப் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். ஆரஞ்சு நிறத் துண்டு பெரும்பாலும் காய்ந்த கேரட். பச்சைக் கேரட்டில் 100 கிராமுக்கு 5 கிராம் அளவில்தான் சர்க்கரை. நீர் வற்றிய பிறகு அதே 100 கிராமில் 40 கிராமுக்கு நெருக்கமாக நிற்கும். காய்ந்த ஆப்பிளில் பாதிக்கு மேல் சர்க்கரை. பட்டாணி அவல், சோள அவல் இரண்டும் மாவுச்சத்து. ஜெர்மன் பையில் ‘மெலாஸ்ஸ’ என்றால் கரும்பு அல்லது பீட்ரூட் ஆலையில் மிஞ்சும் வெல்லப்பாகு. துகள்களை ஒட்ட வைக்க அதைச் சேர்ப்பார்கள். இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தாலும் பொட்டலத்தை வைத்துவிட்டு நகருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 767/2009 தீவனச் சட்டப்படி, கூட்டுத் தீவனத்தில் சேர்ந்த பொருள்களை எடை மிகுந்ததில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும். முதல் மூன்று பெயரைப் படித்தாலே பைக்குள் என்ன நிறைந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் வளர்ப்புப் பிராணித் தீவனத்துக்கு ஒரு சலுகையும் உண்டு. தனிப்பெயருக்குப் பதிலாக ‘தாவர வழி உபபொருள்கள்’ என்று வகைப்பெயர் மட்டும் போடலாம். அப்படிப் போட்ட பையில் டெகுவுக்கு எது ஆகும், எது ஆகாது என்று பிரித்தறிய வழியே இல்லை. ‘காலெண்டுலாவுடன்’ என்று ஒரு பூவின் பெயரை முன்பக்கம் பெரிதாக எழுதினால் அதன் விழுக்காட்டையும் எழுதியாக வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

தனிப் பொட்டலங்களில் முதலில் வாங்க வேண்டியது ரிப்வர்ட் பிளான்டெய்ன், ஜெர்மனில் ஷ்பிட்ஸ்வேகெரிஷ். பிளான்டெய்ன் என்றதும் நமக்கு வாழைக்காய் நினைவு வரும். அதற்கும் இதற்கும் உறவே இல்லை. இது புல்வெளியில் ஈட்டி போல நீண்ட, நரம்போடிய இலை விடும் சிறு செடி. நார் நிறைந்தது, இனிப்பற்றது, வயிற்றைக் கெடுக்காது. கிட்டத்தட்ட எல்லா டெகுவும் விரும்பித் தின்னும். ஒரே ஒரு பொட்டலம்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

அடுத்தது டேன்டிலியன், மஞ்சள் பூ விடும் புல்வெளிச் செடி, ஜெர்மனில் லோவென்சான். இலையும் பூவும் நல்லவை. சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் அன்றாடம் வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இதன் வேரைத் தனியாகத் துண்டு போட்டு விற்கிறார்கள். அதில் இனுலின் என்ற நார்ச்சத்து மிகுதி, அளவு மீறினால் குடலில் காற்றுச் சேரும். வாரம் ஒருமுறை இரண்டு செ.மீ. துண்டு கொடுத்தால் பல்லுக்கும் வேலை, ஆசைக்கும் தீனி.

நெட்டில் நம்மூர்க் காஞ்சொறி மாதிரி சுணை உள்ள செடி. காய்ந்தால் சுணை செத்துவிடும், ஆகவே காய்ந்ததை மட்டுமே கொடுக்க வேண்டும். இதிலும் சுண்ணாம்பு கூடுதல். டேன்டிலியன் கொடுத்த நாளில் இதைத் தவிர்த்து, மாற்றி மாற்றிக் கொடுங்கள். வோக்கோசு எனப்படும் பார்ஸ்லியில் சுண்ணாம்போடு, சிறுநீரில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டும் சேர்கிறது. எப்போதாவது ஒரு சிட்டிகை, சினையாக இருக்கும்போது அதுவும் கூடாது.

ராஸ்பெரி, பிளாக்பெரி இலைகளைக் கடைக்காரர் கீழ்த்தட்டில் வைத்திருப்பார், யாரும் கேட்பதில்லை. துவர்ப்புள்ள அந்த இலைகள் தாராளமாக வாங்கத் தகுந்தவை. ஹேசல், பிர்ச் மரங்களின் இலைகளும் அப்படியே.

பூக்களில் காலெண்டுலா நல்லது, ஆனால் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்ற ஒரே சொல் காலெண்டுலாவையும் குறிக்கும், நாம் மாலை கட்டும் துலுக்கச் சாமந்தியையும் குறிக்கும். டெகுவுக்குரியது காலெண்டுலா. கோயில் மாலையில் மிஞ்சியதைப் போட்டுவிடாதீர்கள், வணிகப் பூக்களில் பூச்சிமருந்தும் இருக்கும். கெமோமில் எனப்படும் சீமைச் சாமந்தி, கார்ன்ஃபிளவர் என்ற நீலப்பூ, மருந்தடிக்காத ரோஜா இதழ் ஆகியவை நாலைந்து இதழ் வரை சரி. ‘ஹைபிஸ்கஸ்’ என்று விற்கும் கருஞ்சிவப்புப் பூ செம்பருத்தி இல்லை, சிவப்புப் புளிச்சையின் சதைப்பற்றான புல்லிவட்டம். புளிப்பு மிகுந்தது. வாரம் ஒரு துண்டு போதும். ரோஸ்ஹிப் எனப்படும் ரோஜாக்காயில் இனிப்பு உண்டு, டெகு வைத்திருப்பவர்கள் அதை வாங்க வேண்டியதில்லை.

சமையலறைத் தழைகளில் கொத்தமல்லி, துளசி வகையான பேசில், சோயிக்கீரை மூன்றும் ஆகும். பச்சையாக என்றால் கழுவி, ஈரம் போக உதறி, ஒரு டெகுவுக்கு ஒரு சிறு கிளை. புதினாவும் தைமும் ஓரிகானோவும் எண்ணெய்ச் சத்து மிகுந்தவை, ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்குப் புதினாவைத் தவிர்ப்பது வழக்கம். வெங்காயம், பூண்டு, லீக்ஸ் குடும்பம் முழுவதும் விலக்கு. தக்காளிச் செடி, உருளைக்கிழங்குச் செடி இலைகளும் ரூபார்ப் இலையும் நஞ்சு.

ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். காம்ஃப்ரி என்ற செடியின் காய்ந்த இலையைச் சில விற்பனையாளர்கள் முயலுக்கென்று விற்கிறார்கள். அதிலும் கோல்ட்ஸ்ஃபுட் செடியிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு, அவை ஈரலைச் சேதப்படுத்தும். சிறிய உடம்புக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். பொட்டலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

‘காய்ந்துவிட்டதே, நஞ்சு போயிருக்கும்’ என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. செடிக்குச் செடி இது மாறும். மஞ்சள் பட்டர்கப் என்ற புல்வெளிப் பூச்செடி பச்சையாக இருக்கும்போது வாயையும் குடலையும் புண்ணாக்கும். காயும்போது அந்த நஞ்சு தீங்கற்ற பொருளாக மாறிவிடுகிறது. ராக்வர்ட் என்ற களைச்செடி அப்படி இல்லை. உலர்ந்தாலும் நஞ்சு அப்படியே நிற்கும், கசப்பு மட்டும் குறையும். பச்சையாக இருந்தால் ஒதுக்கும் பிராணி, உலர்புல்லில் கலந்திருந்தால் தின்றுவிடும். இலையுதிர்க் குரோக்கஸ் செடியிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சும் உலர்புல்லில் அழியாது. ஃபாக்ஸ்குளோவ், லில்லி ஆஃப் த வேலி, யூ மரம், அரளி எல்லாம் காய்ந்தும் கொல்லும். ஆகவே பண்ணையிலிருந்து நேரே உலர்புல் வாங்கினால் கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்துப் பாருங்கள். அகன்ற, தடித்த, அடையாளம் தெரியாத இலை வந்தால் அதை எடுத்துவிடுங்கள். குளோவர் என்ற மூவிலைச் செடி வேறு வகைச் சிக்கல். நன்றாகக் காய்ந்தது கொஞ்சம் ஆகும். ஸ்வீட் குளோவர் என்ற வகையில் பூசணம் பிடித்தால் அதிலுள்ள கூமரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளாக மாறும்.

கொறிக்கக் கிளை வேண்டுமானால் ஆப்பிள், பேரி, ஹேசல், வில்லோ. செர்ரி, பிளம், பீச் போன்ற கொட்டைப்பழ மரங்களில் சயனைடு விடுவிக்கும் பொருள் இருப்பதால் அவற்றை விடுங்கள். பிசின் வடியும் ஊசியிலை மரங்களும் வேண்டாம்.

அளவு எளிது. உலர்புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும், மூலிகை அதன்மேல் தூவும் தொடுகறி மட்டுமே. ஒரு டெகுவுக்கு நாளொன்றுக்கு உதிர்த்த இலை ஒரு மேசைக்கரண்டி. கிண்ணத்தில் கொட்டாமல் புல்லுக்குள் கலந்துவிட்டால் தேடித் தின்னும், புல்லும் உள்ளே போகும். புதிய செடியை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அறிமுகப்படுத்த வேண்டும். முதல் நாள் ஒரு சிட்டிகை, பிறகு மூன்று நாள் புழுக்கையைக் கவனியுங்கள். நீண்டு, கெட்டியாக, உலர்ந்திருந்தால் நல்லது. இளகி ஒட்டினால் நிறுத்திவிட்டு உலர்புல்லுக்குத் திரும்புங்கள். டெகுவால் வாந்தி எடுக்க முடியாது. தின்ன மறுத்து, புழுக்கையும் நின்றுபோனால் அன்றே கொறிப்பான்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

கடையில் பையைக் கையில் எடுத்ததும் மெல்ல அழுத்துங்கள். சலசலத்து நொறுங்க வேண்டும். துவண்டால் ஈரம் இருக்கிறது, பூசணம் வரும். இலையின் பச்சை நிறம் தெரிய வேண்டும், பழுப்பு என்றால் பழையது அல்லது வெயிலில் காய்ந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தூள் நின்றால் விலை குறைவானாலும் வேண்டாம். தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும், பாதி எடையும் வீண். ‘நோய் எதிர்ப்புச் சக்தி’, ‘செரிமானத்துக்கு’ என்ற வாசகங்களைப் பார்க்காமல் 100 கிராம் விலையை ஒப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூடியுள்ள டப்பாவில் மாற்றி, இருட்டான இடத்தில் வையுங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆனதும், மணம் போனதும், மண்வாடை வந்ததும் குப்பைக்கு. நாலு தனிப் பொட்டலம், பிளான்டெய்ன், டேன்டிலியன், ராஸ்பெரி இலை, காலெண்டுலா, இரண்டு டெகு உள்ள வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.