எஃப்.ஏ.க்யூ. பக்கம்: பேக்கேஜில் சேர்ப்பதா, கேள்விக் கணக்கில் வாங்குவதா?

பெங்களூருவில் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கும் எங்களுக்கு எஃப்.ஏ.க்யூ. (அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்) பக்கத்துக்குக் கட்டணம் போட இரண்டு வழி உண்டு. ஹோம், கான்டாக்ட் வரிசையில் அதையும் ஒரு பக்கமாகச் சேர்த்து மொத்தத் தொகை சொல்லலாம். அல்லது கேள்விக்கு இவ்வளவு என்று தனியாகப் போட்டு, ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு கோத்துவிடலாம். நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

பேக்கேஜில் கொட்டேஷன் ஒரே வரி, பேரமும் சட்டென்று முடியும். கட்டுவதற்கும் பெரிய வேலை இல்லை; எச்.டி.எம்.எல்.லின் டீடெயில்ஸ், சம்மரி டேக் இரண்டும் போதும், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே பதில் திறந்து மூடும். அதனால்தான் "ஒரு பக்கம்தானே சார்" என்று கேட்கிறார்கள். கூகுள் தேடலிலேயே கேள்வி பதில் விரியும் என்று சொல்லிக் கூடுதலாக வாங்கிய காலமும் போய்விட்டது. 2023 ஆகஸ்டில் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

என்னை மாற வைத்தது பராமரிப்புதான். பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு யோகா மையத்துக்குச் செய்த பக்கத்தில், மெட்ரோவில் எப்படி வருவது என்ற கேள்விக்கு ஜெயநகரில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள் என்று பதில் இருந்தது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் திறந்து, பி.டி.எம்.மிலேயே ஸ்டேஷன் வந்துவிட்டது. அடுத்த மாதம் 22ஆம் தேதி முதல் ஜிம், சலூன், யோகா மையங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது, அதுவும் ஐ.டி.சி. (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல். கட்டணம், ரீஃபண்ட் பற்றிய பதில்கள் எல்லாம் ஆட்டம் கண்டன. கன்னடப் பக்கத்திலும் அதே திருத்தம். பேக்கேஜ் விலை என்றால் இதெல்லாம் இரவு வாட்ஸாப்பில் "சார், ஒரு சின்ன சேஞ்ச்" என்று வரும். பில் போடக் கூச்சமாக இருக்கும்.

கேள்விக் கணக்கில் முதலில் ஒரு ஷீட் போடுகிறேன். கேள்வி, பதில், பதில் தருபவர், கடைசியாக "எது மாறினால் இது மாறும்" என்று ஒரு கட்டம். பாய் கொண்டுவர வேண்டுமா என்பதற்கு எதிரே கட்டம் காலி; அதற்கு ஒருமுறை கட்டணம், அவ்வளவுதான். கட்டணக் கேள்விக்கு எதிரே ஜி.எஸ்.டி., சீசன் சலுகை, புது பேட்ச் என்று நிரம்பிவிடும். அப்படி நிரம்புகிறவைதான் ஏ.எம்.சி.யில் போகும். இதைப் பார்த்த கிளையன்ட் தானாகவே வேண்டாத கேள்விகளை அடித்துவிடுகிறார், பக்கமும் கச்சிதமாகிறது. சண்டை வருவது அபூர்வம், ஏனென்றால் எதற்குப் பணம் என்பது கட்டத்திலேயே இருக்கிறது.

வேர்ட்பிரஸ் லாகின் கொடுத்து அவர்களையே மாற்றிக்கொள்ளச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம். பாஸ்வேர்டை மறந்துவிட்டு நம்மையேதான் கூப்பிடுவார்கள்.

நூற்றுக்கணக்கில் கேள்விகள் வரும் ஆன்லைன் கடைகளை நான் அதிகம் தொட்டதில்லை. அங்கே கேள்விக் கணக்கு என்றால் தொகையைப் பார்த்தே மிரண்டுவிடுவார்கள், மணிக்கணக்கு ரேட் பொருந்தலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர், டாக்டர், டியூஷன் சென்டர் அளவுக்கு என் முறை தாங்குகிறது.

கன்னடத்துக்காகக் கேள்விக் கட்டணத்தை இரட்டிப்பாக்குவதில்லை. மொழிபெயர்ப்பவருக்குப் போகும் தொகையை மட்டும் தனி வரியாகக் காட்டிவிடுகிறேன். திருத்தம் வந்தால் அந்த வரி மறுபடி வரும் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுகிறேன்.