பென்சில் குறிப்புகளைத் தேடி: கலை அருங்காட்சியக நூலகங்களின் டிஜிட்டல் சேகரிப்புகளோடு சில ஆண்டுகள்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகப் பதவியோ நிதியுதவியோ இல்லாமல் கலை வரலாறு எழுதுகிறவர்களுக்கு, கலை அருங்காட்சியக நூலகங்கள் தங்கள் அரிய சேகரிப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருப்பது பெரிய கொடை. விசாவும் அறிமுகக் கடிதமும் இல்லாமல், நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் உள்ள பேரேடுகளைச் சென்னையில் உட்கார்ந்து புரட்டுகிறேன். ஆனால் அந்தத் தளங்களின் தேடுபெட்டியை மட்டும் நம்புகிறவருக்கு இருப்பதில் பாதிகூடக் கண்ணில் படாது.

நான் தேடுவது கலைப்பொருள்கள் கைமாறிய கதையை. காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிற்பங்கள், 1920களில் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் வழியாகப் பாரிஸ் வியாபாரி சி. டி. லூவிடம் போய்ச் சேர்ந்தன. இன்று அவை பாரிஸ், லண்டன், வாஷிங்டன், டொரான்டோ என்று சிதறிக் கிடக்கின்றன. அந்த ஊர்களில் உள்ள சிற்பத்தைப் பார்க்கப் போனால் ஒரு பெயர்ப் பலகை இருக்கும். அது யார் யார் கைவழியாக வந்தது என்பதை வியாபாரிகளின் பட்டியல்களிலும் கடிதங்களிலும்தான் தேட வேண்டும். அந்தக் காகிதங்கள் அருங்காட்சியகத்தின் காட்சிக்கூடத்தில் இருப்பதில்லை, நூலகத்தில் இருக்கின்றன.

புதிதாக வருகிறவர், பல நூலகங்கள் ஸ்கேன் செய்த கலை நூல்களை ஒரே இடத்தில் தேட உதவும் கெட்டி ஆய்வு வாயிலில் (Getty Research Portal) தொடங்கலாம். 2012 மே மாதம் திறக்கப்பட்ட தளம் அது. மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் வாட்சன் நூலகம், ஃபிரிக் நூலகம், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகம், ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகம் ஆகியவை தொடக்கத்திலேயே சேர்ந்தவை. இந்த வாயிலில் புத்தகம் எதுவும் கிடையாது. விவரக் குறிப்பு மட்டும்தான். சொடுக்கினால் புத்தகத்தை வைத்திருக்கும் நூலகத்தின் தளத்துக்கு அனுப்பிவிடும். அதனால் பக்கம் புரட்டும் முறை, பெரிதாக்கும் வசதி, தரவிறக்கம் எல்லாமே வீட்டுக்கு வீடு மாறும். பழகும் வரை எரிச்சல்தான்.

ஒரே ஏலப் பட்டியல் மூன்று நூலகங்களிலிருந்து மூன்று முறை வந்து நிற்பதைப் பார்த்து, இது ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஆரம்பத்தில் சலித்துக்கொள்ளத் தோன்றும். உண்மையில் அங்கேதான் புதையல். அச்சிட்ட பட்டியல் ஒன்றுதான் என்றாலும் பிரதிகள் ஒன்றல்ல. ஒன்று கைபடாத சுத்தப் பிரதியாக இருக்கும். இன்னொன்றில், ஏலக்கூடத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒவ்வொரு பொருளின் ஓரத்திலும் பென்சிலால் விலையை எழுதியிருப்பார். சில இடங்களில் வாங்கியவர் பெயரும் இருக்கும். வரலாற்றாசிரியருக்கு வேண்டியது அந்த இரண்டாவது பிரதி. இதை நூலகர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். டச்சு சேகரிப்பாளர் ஃபிரிட்ஸ் லூக்ட், 1600 முதல் 1925 வரையிலான ஏலப் பட்டியல்களைத் தொகுத்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். 'லூக்ட் எண்' தெரிந்தால் எந்த ஏலம் என்பதில் குழப்பம் வராது. பிறகு எந்தப் பிரதி என்பதுதான் கேள்வி.

இங்கேதான் தேடுபெட்டி கைவிடுகிறது. எழுத்துணரி மென்பொருள் அச்செழுத்தைப் படிக்கும். பென்சில் கிறுக்கலைக் கறை என்று நினைத்து விட்டுவிடும், அல்லது அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டமாக மாற்றிவிடும். வாங்கியவர் பெயரைத் தட்டினால் 'முடிவுகள் இல்லை' என்று வரும். அதே பெயர் பக்கத்தின் ஓரத்தில் பளிச்சென்று இருக்கும். எனவே நான் தேடிப் படிப்பதைவிடப் புரட்டிப் படிப்பதே அதிகம். விவரக் குறிப்பில் 'குறிப்பெழுதிய பிரதி' என்று ஒரு வரி சேர்த்திருக்கும் நூலகருக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் வைப்பேன். அந்த ஒரு வரி, படத்தின் துல்லியத்தை இரட்டிப்பாக்குவதைவிட எனக்கு மேல்.

கையிருப்பில் வந்ததையும் போனதையும் கலை வியாபாரிகள் எழுதிவைத்த இருப்புப் பேரேடுகள் வேறு உலகம். 1846இல் நியூயார்க்கில் தொடங்கி, போலி ஓவிய விவகாரத்துக்கு நடுவே 2011இல் மூடப்பட்ட நோட்லர் என்ற கலை வியாபார நிறுவனத்தின் ஆவணங்களைக் கெட்டி ஆய்வு நிறுவனம் 2012இல் வாங்கியது. ஓவியப் பேரேடுகளின் பக்கங்களைப் பார்க்கலாம். அவற்றிலுள்ள பதிவுகள் தரவுத்தளமாகவும் தட்டச்சு செய்யப்பட்டுள்ளன. 1930–31இல் சோவியத் அரசு தன் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை ஓசைப்படாமல் விற்றபோது, அமெரிக்க நிதிச் செயலராக இருந்த ஆண்ட்ரூ மெலன் 21 ஓவியங்களை வாங்கினார். ரஃபேலின் 'ஆல்பா மடோனா'வுக்கு மட்டும் 11,66,400 டாலர். அந்த வியாபாரத்தில் நடுவில் நின்ற நிறுவனங்களில் ஒன்று நோட்லர். இப்படிப்பட்ட பேரங்களை நடத்தியவர்கள் அன்றாடம் எப்படிக் கணக்கு எழுதினார்கள் என்பதை அவர்கள் கையெழுத்திலேயே பார்ப்பது தனி அனுபவம்.

இந்தப் பேரேடுகளில் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்தக் காலத்துக் கலை வியாபாரிகள் வாங்கிய விலையைச் சங்கேத எழுத்துகளில் எழுதும் வழக்கம் கொண்டவர்கள். நம்மூர் ஜவுளிக்கடை விலைச்சீட்டில் கடைக்காரருக்கு மட்டும் புரியும் குறி இருக்குமே, அதே வித்தை. தரவுத்தளத்தில் விலைக்கட்டம் காலியாகவோ விசித்திரமாகவோ தெரிந்தால் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர் ஒரு கட்டத்துக்குள் அடக்க முடியாதது ஏதாவது அங்கே இருக்கும்.

ஆவணத் தொகுப்புகளுக்கு ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம். 2005 முதல் டெர்ரா அறக்கட்டளையின் நிதியுதவியோடு, கவர்ச்சியான கடிதங்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், பல சேகரிப்புகளை முழுமையாகவே ஸ்கேன் செய்தார்கள். கலை வியாபார நிறுவனங்களான ஜாக் செலிக்மனின் கடிதங்கள், மேக்பெத் காலரியின் ஆவணங்கள் அப்படி வந்தவை. முழுமைக்கு ஒரு விலை உண்டு: விவரிப்பு கோப்புறை அளவில் நின்றுவிடும். 'பெட்டி இத்தனை, கோப்புறை இத்தனை' என்று திறந்தால் உள்ளே வரிசையாகப் படங்கள். எது யார் எழுதியது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் சேகரிப்பு வழிகாட்டியை முதலில் உட்கார்ந்து படித்தவருக்கு இது சுகம். நேராகப் பெயரைத் தட்டுகிறவருக்கு நரகம். என்னைக் கேட்டால் இந்த முறையே நேர்மையானது. பொறுக்கியெடுத்த தொகுப்பில் பொறுக்கியவரின் ரசனைதான் தெரியும்.

ஃபிரிக் நூலகத்தின் புகைப்படக் காப்பகத்தையும் விட்டுவிடக் கூடாது. ஹெலன் கிளே ஃபிரிக் 1920இல் நிறுவிய நூலகம் அது. 1922 முதல் 1967 வரை அமெரிக்காவில் வீடு வீடாகவும் ஊர் ஊராகவும் புகைப்படக்காரர்களை அனுப்பி, அதிகம் அறியப்படாத ஓவியங்களையும் சிற்பங்களையும் படம் எடுக்க வைத்தார். பின்னாளில் காணாமல் போனவற்றுக்கும், பழுதுபார்த்து உருமாறியவற்றுக்கும் சில வேளைகளில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படமே சாட்சி. ஓவியத்தை வரைந்தவர் யார் என்பதில் கருத்து மாறிய வரலாறும் அதனோடு சேர்ந்த குறிப்புகளில் இருக்கும்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் வெளியிட்ட கண்காட்சி வரலாறு இவற்றிலேயே எளிதானது. 1929இல் நடந்த முதல் கண்காட்சியிலிருந்து பட்டியல்கள், செய்திக் குறிப்புகள், கூடத்தின் புகைப்படங்கள். பள்ளி மாணவர்கூடப் பயன்படுத்தலாம்.

குறைகள். ஒரு நூலகம் தளத்தை மாற்றியபோது நான் சேர்த்துவைத்திருந்த இணைப்புகளெல்லாம் செத்துப்போயின. இன்னொன்றின் ஸ்கேனில் அட்டையும் வெற்றுப் பக்கங்களும் இல்லை. யாருடைய பிரதி என்று சொல்லும் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கைபேசியில் பெரும்பாலான தளங்கள் தவிக்கின்றன. பதிப்புரிமை இன்னொரு சுவர்: அமெரிக்காவில் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் 95 ஆண்டு நிறைந்த அச்சு வெளியீடுகள் விடுபடுகின்றன. 1940களின் வியாபாரிப் பட்டியல்கள் எனக்கு முக்கியம். அவற்றில் பலவற்றுக்கு விவரக் குறிப்பு மட்டும் கண்ணில் படுகிறது, பக்கங்கள் பூட்டியிருக்கின்றன. நூலகருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால், தேவையான ஓரிரு பக்கங்களை அனுப்பிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இணைப்பை மட்டும் சேமிக்காதீர்கள். நூலகத்தின் பெயர், பெட்டி எண், கோப்புறை எண், பக்கம் ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். தளம் மாறினாலும் பெட்டி எண் பெரும்பாலும் மாறாது. ஓரக்குறிப்பு உள்ள பக்கம் கிடைத்தால் அப்போதே முழு அளவில் தரவிறக்குங்கள். பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கும்போது படத்தைச் சுருக்கிவிடும் தளங்கள் உண்டு. பென்சில் கோடுகள்தான் முதலில் மறையும்.