சொந்தக் கணினியில் டெஸ்ட் ஓட்ட: செலினியமா, பிளேரைட்டா?

செலினியமும் பிளேரைட்டும் பிரவுசரை நிரல் மூலம் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவிகள். செலினியம் 2004-இல் பிறந்தது, பிளேரைட்டை மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்டது. வலைச் செயலியின் டெஸ்ட்டுகளை நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க இரண்டுமே போதும்.

நிறுவுவதில் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. முன்பெல்லாம் குரோம் தானாகப் புதுப்பித்துக்கொண்டதும் அதைச் செலினியத்தோடு இணைக்கும் குரோம்டிரைவர் பொருந்தாமல் போய் மொத்த டெஸ்ட்டும் விழும், செலினியம் 4.6 முதல் சரியான டிரைவரை அதுவே இறக்கிக்கொள்கிறது. பிளேரைட் தன் பதிப்புக்கு ஏற்ற குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் (சஃபாரிக்குள் இருக்கும் எஞ்சின்) மூன்றையும் தனியாக இறக்கி வைக்கும், டிஸ்க்கில் இடம் பிடிக்கத்தான் செய்யும்.

விஷயமே காத்திருப்பதில்தான் இருக்கிறது. ஒரு பொத்தானைக் கிளிக் செய்வதற்கு முன் அது கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறு ஏதாவது அதை மறைக்கிறதா என்று பிளேரைட் தானே பார்த்துவிட்டுத்தான் அழுத்தும். செலினியத்தில் அந்தக் காத்திருப்பை நாம் எழுத வேண்டும். அவசரத்துக்கு 5 விநாடி ஸ்லீப் (எதையும் பார்க்காமல் சும்மா நிற்கச் சொல்லும் கட்டளை) போடுகிறவர்கள் நிறைய பேர், தயவுசெய்து வேண்டாம்: கணினி திணறும் நாளில் அது போதாது, மற்ற நாளெல்லாம் வீண் காத்திருப்பு.

அப்புறம் டிரேஸ் வியூவர். விழுந்த டெஸ்ட்டை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் பார்க்கலாம், எனக்குப் பிளேரைட்டில் மிகப் பிடித்தது இதுதான்.

ஆனால் பிளேரைட்டின் வெப்கிட் அசல் சஃபாரி அல்ல. மேக்கில் சஃபாரியிலேயே ஓட்ட வேண்டும், அல்லது குழு ரூபி மொழியில் எழுதுகிறது என்றால் செலினியமே சரி. ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் செலினியம் டெஸ்ட் இருந்தால், மாற்றி எழுதும் முன் அந்த ஸ்லீப்களை எடுத்துவிட்டுப் பாருங்கள்.