ஜிஎக்ஸ்390 வாடகை கார்ட்: நாலு பேர், ஒரு சீட், ஆறு மணி நேரம்

கான்கிரீட் கலவை மெஷினிலும் ஜெனரேட்டரிலும் தண்ணீர் பம்பிலும் ஓடுகிற அதே ஹோண்டா ஜிஎக்ஸ்390 இன்ஜின்தான் இந்தக் கோ-கார்ட்டின், அதாவது தரையை ஒட்டி ஓடும் சின்னப் பந்தய வண்டியின், வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 389 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றிலேயே குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 3,600 சுழற்சியில் 8.7 கிலோவாட். அதாவது 11.7 குதிரைத்திறன். ரேஸ் கார்ட் ஓட்டிப் பழகியவர்கள் இந்த எண்ணைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். சொந்த கார்ட் இல்லாத நண்பர்கள் சேர்ந்து 6 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று மாறி மாறி ஓட்டும் போட்டிகளில் பெரும்பாலும் கையில் கிடைப்பது இந்த வகைதான்: பிரான்ஸின் சோடி மாதிரியான நிறுவனத்தின் சேசிஸ், சுற்றிலும் பிளாஸ்டிக் பம்பர், இன்ஜின் ஜிஎக்ஸ்270 அல்லது ஜிஎக்ஸ்390. சோடி வேர்ல்ட் சீரிஸின் என்டூரன்ஸ் (நீண்ட நேர ஓட்டம்) கோப்பை முழுக்க இப்படிப்பட்ட வாடகைக் கார்ட்டுகளை நம்பித்தான் நடக்கிறது. துபாய் ஆட்டோட்ரோம் வளாகத்துக்குள் இருக்கும் கார்ட்ட்ரோமில், 1.2 கிலோமீட்டரும் 17 வளைவுகளும் கொண்ட தடத்தில், 24 மணி நேரப் போட்டியே உண்டு. அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் போர்ஷே 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த கார் பந்தயம் நடந்ததும் அதே வளாகத்தில்தான். அதற்குப் பிறகு "நாமும் ஒரு டீம் போடலாமா" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு.

இன்ஜினைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் குறை சொல்ல அதிகம் இல்லை. 26.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 2,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. புதியவர் ஹேர்பின்னில் (கொண்டை ஊசி வளைவில்) வேகத்தைக் கோட்டைவிட்டாலும் வண்டி திணறாமல் கிளம்பும். ஆனால் கார்ட்டும் ஆளும் சேர்ந்தால் சுமார் 230 கிலோ. அந்த எடைக்கு இந்தத் திறன் குறைவு. பின்பக்கம் ஒருமுறை சறுக்கினால் இழந்த வேகம் அடுத்த நேர்ப்பாதையின் கடைசிவரை திரும்பி வராது. டிவியில் பார்க்க அழகாக இருக்கும் சறுக்கல் எல்லாம் இங்கே நேர நஷ்டம். அமைதியாக, டயர் கீச்சிடாமல் ஓட்டுகிறவர்தான் இந்தக் கார்ட்டில் வேகமானவர்.

பெட்ரோல் முழு உழைப்பில் மணிக்கு 3.5 லிட்டர் என்பது ஹோண்டா தரும் கணக்கு. ஆறு மணி நேரத்துக்கு 21 லிட்டர் என்று வைத்துக்கொண்டு நிரப்பும் நிறுத்தங்களைத் திட்டமிடுங்கள். ஆயில் 1.1 லிட்டர். பம்ப் கிடையாது, கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் கரண்டி ஆயிலை வாரி இறைக்கிறது. அதனால் அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கூடினால் இன்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஆயில் ஏறும், வெள்ளைப் புகை வரும், மூச்சு முட்டிய மாதிரி இன்ஜின் அடைக்கும். கார்ட் சமதளத்தில் நிற்கும்போது மூடியைத் திருகாமல் சும்மா வைத்து அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் தப்பான அளவு காட்டும். வாடகைப் போட்டியில் இதையெல்லாம் மெக்கானிக்தான் செய்வார், நீங்கள் கை வைக்கக் கூடாது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் பதில் ஒழுங்காக வரும்.

கிளட்ச், இன்ஜின் சுழற்சி கூடினால் தானே பிடிக்கும் வகை. பிரேக் பின் ஆக்ஸிலில் ஒரே ஒரு டிஸ்க். இந்த இரண்டையும் கெடுக்கும் பழக்கம் ஒன்றுதான்: ஓட்டப் பழகிய காரின் ஞாபகத்திலோ பதற்றத்திலோ இடது காலைப் பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. கிளட்ச் ஷூ வழுக்கித் தேயும், டிஸ்க் சூடாகும், பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் பஞ்சு போல இறங்கும். நாலு பேரில் ஒருவர் இப்படி ஓட்டினாலும் அடுத்து ஏறுகிறவருக்குப் போவது பிரேக் இல்லாத வண்டி. பயிற்சிச் சுற்றில் ஒருவர் ஓட்டி வந்ததும் கருகல் வாசனை அடித்தால் அவர் காலைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

இனி சீட். இந்தக் கார்ட்டின் பலவீனம் மொத்தமும் இங்கேதான். 60 கிலோக்காரருக்கும் 100 கிலோக்காரருக்கும் பொதுவாகச் செய்த சீட் என்பதால் யாருக்கும் சரியாக உட்காராது. சீட்டோ பெடலோ முன்னும் பின்னும் நகரும் மாடல்கள் கால் நீளத்தைத் தீர்த்துவிடுகின்றன. இடுப்பு அகலத்தை எதுவும் தீர்ப்பதில்லை. ஒல்லியானவர் ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் ஆடி, விலாவைச் சீட் விளிம்பில் இடித்துக்கொள்கிறார். விழாமல் இருக்க ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிறார். இருபது நிமிடத்தில் முன்கை இறுகிக் கல்லாகிவிடும். அதன்பின் சுற்று நேரம் ஏறிக்கொண்டே போகும். "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் இல்லாதது சீட் இன்சர்ட், அதாவது அவரவர் உடம்புக்கு வார்த்துச் சீட்டுக்குள் வைக்கும் ஃபோம் அச்சு.

வீட்டுச் சோபா பஞ்சை வெட்டி வைப்பது உதவாது. அழுத்தினால் அமுங்குவதால் பக்கவாட்டுப் பிடிப்பு கிடைக்காது. தேவை இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரிதேன் ஃபோம். கார் என்டூரன்ஸ் பந்தயங்களில் ஓட்டுநர் மாறும்போது தூக்கிப் போடுகிறார்களே, அதே சங்கதிதான். செய்வது கடினமில்லை, அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். அதே மாடல் சீட்டின் பழைய ஓடு ஒன்றை ட்ராக்கில் கேட்டு வாங்குங்கள். வேறு சீட்டில் வார்த்தது போட்டியன்று பொருந்தாது. ஓட்டின் உட்புறம் தடித்த பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் கனமான குப்பைப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். ஓட்டுநர் போட்டி உடையிலேயே, விலாக் கவசமும் அணிந்து உட்கார வேண்டும். கவசம் இல்லாமல் வார்த்துவிட்டு, அன்றைக்குக் கவசம் போட்டு உட்கார முடியாமல் தவிப்பது வாடிக்கையான தப்பு. டப்பாவில் சொன்ன விகிதத்தில், பெரும்பாலும் சரிக்குச் சரி, கலந்து சில வினாடிகளிலேயே பைக்குள் ஊற்றிவிடுங்கள், அதற்குமேல் தாமதித்தால் வாளியிலேயே பொங்கும். திறந்த வெளியில், கையுறையோடு. பொங்கும்போது நன்றாகச் சுடும், பயப்பட வேண்டாம், ஆனால் ஒற்றைப் பையில் செய்யாதீர்கள்.

ஒரே தடவையில் முழுச் சீட்டையும் நிரப்பப் பார்த்தால் ஃபோம் ஆளைத் தூக்கிவிடும். முதல் ஊற்று இடுப்புக்கும் தொடைக்கும், இறுகியபின் இரண்டாவது விலாவுக்கும் முதுகுக்கும். பிட்டத்துக்கு அடியில் ஒரு விரற்கடைக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆள் உயர உயர எடைமையமும் உயர்ந்து, வளைவில் கார்ட் தத்த ஆரம்பிக்கும். இறுகும்வரை கைகள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நிலையில், இடது கால் பிரேக்கை முழுக்க மிதிக்கும் நிலையில் இருக்கட்டும். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது தோள் சீட்டை விட்டு எழக் கூடாது. காய்ந்ததும் விளிம்புகளை வெட்டி, டக்ட் டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆளுக்கொரு நிற டேப் சுற்றுங்கள். இரவுப் போட்டியில் பிட்டில் (வண்டி நின்று ஆள் மாறும் இடத்தில்) எல்லா இன்சர்ட்டும் ஒரே கறுப்பு மூட்டையாகத்தான் தெரியும்.

நாலு பேருக்கும் இன்சர்ட் தேவையில்லை. அணியில் பருமனானவர் வெறும் சீட்டில் உட்காரட்டும், மற்ற மூவருக்கு மட்டும் செய்தால் போதும்.

அடுத்தது எடை. 10 கிலோ கூடினால் ஒரு நிமிடச் சுற்றில் தோராயமாக 0.3 வினாடி போகும் என்பது இந்தக் கார்ட்டுகளுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால் குறைந்தபட்ச எடை விதி இருக்கிறது, குறைவாக இருப்பவர் ஈயக் கட்டி ஏற்ற வேண்டும். கட்டிகள் 5 கிலோவும் 2.5 கிலோவும் என்று வையுங்கள், விதி 80 கிலோ. முழு உடையோடு உங்கள் ஆட்கள் 62, 70, 78, 85. வெயிலில் 45 நிமிடம் ஓட்டினால் வியர்வையிலேயே ஒரு கிலோ வரை போகலாம், எடை போடுவதோ இறங்கிய பிறகு. ஆகவே 70 கிலோக்காரருக்குக் கச்சிதமாக 10 ஏற்றினால் மாட்டிக்கொள்வீர்கள், 12.5 ஏற்றுங்கள். 78க்கு 2.5 போதும் என்று தோன்றும், போதாது, 5. 62க்கு 20. இப்போது வரிசை: 62, 70, 85, 78, மறுபடி 62. ஒவ்வொரு மாற்றத்திலும் கை வைக்க வேண்டியது 7.5, 12.5, 5, 15 கிலோ. நாலு பேரும் ஒருமுறை மாறி முடிக்க மொத்தம் 40. இதையே 62, 85, 70, 78 என்று மனம்போல அனுப்பினால் 20, 12.5, 7.5, 15, மொத்தம் 55. மூச்சு வாங்கும் ஆட்கள் கட்டியைக் கால்மேல் போட்டுக்கொள்ளும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் கூடும்.

ஆறு மணி நேரத்தில் கட்டாய நிறுத்தம் ஏழு என்றால் 45 நிமிடம் வீதம் எட்டு ஸ்டின்ட் (ஒருவர் இறங்காமல் ஓட்டும் முறை), ஆளுக்கு இரண்டு. அமெச்சூர் அணிக்கு 45 நிமிடம் சரியான அளவு. ஒரு மணி நேரம் தாங்குவேன் என்று அடம்பிடிப்பவரின் கடைசி 15 நிமிடச் சுற்று நேரங்களைக் காட்டுங்கள், அடங்கிவிடுவார்.

பிட்டில் ஒரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. குறைந்தபட்ச நிறுத்த நேரம் மூன்று நிமிடம் என்று விதி இருந்தால் வேகமாக ஆள் மாறுவதால் லாபம் ஏதும் கிடையாது. மூன்று நிமிடத்துக்கு ஒரு வினாடி முன்னால் வெளியேறினால் தண்டனை, பத்து வினாடி பிந்தினால் பத்து வினாடி நஷ்டம். ஆகவே ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச், கோட்டைத் தாண்டியதும் அமுக்க வேண்டும், இரண்டு வினாடி உபரி வைத்து அனுப்ப வேண்டும். இறங்குவது எப்போதும் இடப்பக்கம். வலப்பக்கம் சூடான இன்ஜின். அடுத்தவர் உட்கார்ந்ததும் பெடலை நகர்த்திப் பூட்டியபின் பிரேக்கை ஒருமுறை பலமாக மிதித்துப் பார்க்கட்டும். பூட்டு பாதி மட்டும் விழுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். முதல் வளைவில் தெரிந்தால் டயர் சுவர்தான்.

பல போட்டிகளில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறு கார்ட்டுக்கு மாற வேண்டும், எது என்பது குலுக்கல். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் கார்ட்டுக்குக் கார்ட் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். கிளட்ச் தேய்மானம், டயர் தேய்மானம், வளைந்த டை ராட் (ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) எல்லாம் சேர்ந்த கணக்கு அது. நேர்ப்பாதையில் ஸ்டியரிங் கோணலாக நின்றால் டை ராட். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல வேகம் விழுந்தால் பிரேக் விடாமல் உரசுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு உதறல் வந்தால் செயின் தளர்ந்திருக்கிறது. பெடல் கடைசிவரை போயும் நேர்ப்பாதையில் எல்லோரும் தாண்டிப்போனால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் நீண்டு, கார்புரேட்டர் முழுக்கத் திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். "வண்டி சரியில்லை" என்று பொதுவாகப் புலம்பினால் மெக்கானிக் சிரித்துவிட்டுப் போவார்; எந்த வளைவில் என்ன செய்கிறது என்று சொன்னால் கவனிப்பார். ஐந்து சுற்றுக்குள் சொல்லுங்கள். இருபது சுற்று ஓட்டிவிட்டுச் சொன்னால் மாற்றுக் கார்ட் கிடைத்தாலும் போன நேரம் கிடைக்காது.

மழை பெய்தால் பெரும்பாலான வாடகைப் போட்டிகளில் டயர் மாற்ற மாட்டார்கள். ரப்பர் படிந்த வழக்கமான கோடு வழுக்கும், வளைவின் வெளிப்புறமாகச் சுற்றிப் போங்கள்.

ஹெல்மெட்டுக்குள் பேசும் ரேடியோ இந்த மட்டத்தில் பெரும்பாலும் கிடையாது, பலகைதான். ஆளை உள்ளே கூப்பிட இரண்டு சுற்று முன்னாலேயே பலகை காட்டுங்கள், முதல் முறை காட்டியதைப் பாதிப்பேர் பார்ப்பதில்லை. அவர் கையைத் தூக்கிப் பதில் சொல்லும்வரை அடுத்தவர் ஹெல்மெட்டைப் பூட்டிவிட்டு வெயிலில் நிற்க வேண்டாம்.

யார் எடுக்கலாம்? நாலு பேருக்கும் உயரம் 15 சென்டிமீட்டருக்குள்ளும் எடை 25 கிலோவுக்குள்ளும் அடங்கினால் இந்தக் கார்ட்டைவிட வசதியான வழி இல்லை. அதைத் தாண்டி வேறுபட்டால், பெயர் கொடுப்பதற்கு முன் அந்த ட்ராக்கின் கார்ட்டில் அணியின் மிக உயரமானவரையும் மிகக் குட்டையானவரையும் உட்கார வைத்துப் பாருங்கள். உயரமானவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தால் அவரை நேரம் குறிக்க வைத்துவிட்டு மூன்று பேராக ஓட்டுங்கள். மூன்றாவது ஸ்டின்ட்டுக்குத் தெம்பு வேண்டுமே என்று யோசித்தால், ஃபோம் டப்பாவோடு ஒரு பெட்டி தண்ணீரும் நாலைந்து ஓஆர்எஸ் பொட்டலமும் வாங்கிவிடுங்கள்.