வட கொரியாவின் இணையச் சேவை: ஒரே ஆள் சாய்த்துக் காட்டிய நெட்வொர்க்

நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு இணையச் சேவையை எப்படிக் கட்டக் கூடாது என்று தெரிய வேண்டுமானால் வட கொரியாவைப் பார்த்தால் போதும். மக்கள்தொகை இரண்டரைக் கோடிக்கு மேல், ஆனால் நாட்டின் பெயரில் இருக்கும் ஐ.பி. முகவரிகள், அதாவது இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்கள், வெறும் 1,024. வெளியே போக சீனாவின் யூனிகாம், 2017 அக்டோபரில் சேர்ந்த ரஷ்யாவின் டிரான்ஸ்டெலிகாம் என்ற இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்கள், அவ்வளவுதான் பாதை. 2016-ல் அவர்களுடைய டி.என்.எஸ். (தளத்தின் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும்) சர்வர் அமைப்பில் நடந்த தவறால் தளங்களின் பட்டியலே வெளியே வந்துவிட்டது, அதில் இருந்தவை மொத்தம் 28.

அரசுத் தளம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். முகவரிப் பட்டையில் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறது, படங்கள் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்குகின்றன. சரி, வேகத்தை விடுங்கள், தாங்குமா என்பதுதான் கேள்வி.

தாங்கவில்லை. 2021 ஜனவரியில் வட கொரிய ஹேக்கர்கள் பாதுகாப்பு ஆய்வாளர்களைக் குறிவைத்தது வெளியே தெரிந்தது. சிக்கியவர்களில் ஒருவர் அமெரிக்கர், பி4எக்ஸ் என்ற பெயரில் இயங்கியவர். வந்த கோப்பை அவர் தனியாக ஒதுக்கிய மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளால் பிரித்து வைத்த இன்னொரு கணினி) திறந்ததால் பெரிய சேதம் இல்லை, ஆனால் எஃப்.பி.ஐ.யிடமிருந்து உருப்படியான உதவி எதுவும் வரவில்லை. ஒரு வருடம் பொறுத்தார். 2022 ஜனவரியில் வீட்டிலிருந்தே ஸ்கிரிப்டுகளை (தானாக ஓடும் சிறு நிரல்களை) ஓடவிட்டார், அந்நாட்டுத் தளங்கள் மொத்தமாகப் படுத்தன, எழுந்தன, மறுபடி படுத்தன. உள்ளே புகுந்து எதையும் திருடவில்லை. முக்கியமான சில ரூட்டர்களையும் (இணையப் போக்குவரத்தை வழிநடத்தும் கருவிகள்) சர்வர்களையும் கோரிக்கைகளால் திணறடித்தார். எஞ்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில், கோரிக்கையின் தலைப்புத் தகவலான ஹெடரைத் தவறாகக் கையாளும் பழுது ஒன்று, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த பழுது, அங்கே பேட்ச் (திருத்தம்) போடாமல் கிடந்ததாம். அதற்கு மேல் அரதப் பழைய அப்பாச்சி வெப் சர்வர் வேறு. 2024-ல் அவரே தன் பெயரை வெளியிட்டார்: அலெஹாந்த்ரோ காசெரெஸ்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இந்தச் சேவை மேல்மட்ட அதிகாரிகளுக்கும் அனுமதி பெற்ற சிலருக்கும்தான், பியோங்யாங்கின் சாதாரண மாணவனுக்குக் கிடைப்பது குவாங்மியோங் என்ற உள்நாட்டு வலை மட்டுமே. அதனால் இணைப்பு போனபோது மக்களுக்கு இழப்பும் பெரிதாக இல்லை, அவர்களுக்குத்தான் அது கொடுக்கப்படவே இல்லையே! ரூட்டர் பழசு என்பதைவிட எனக்குப் பெரிய குறை இது.

காசெரெஸ் செய்ததை நான் முழுசாக ஆதரிக்கவும் இல்லை. அவருடைய கோபம் நியாயமானது, ஆனால் திருடும் ஹேக்கர்களில் பலர் உட்கார்ந்திருப்பது சீனா போன்ற வெளிநாடுகளில், பியோங்யாங் ரூட்டர் விழுந்தால் அவர்கள் வேலை நிற்காது. அதே 2022 மார்ச்சில் கிரிப்டோ விளையாட்டு ஒன்றுக்கான ரோனின் நெட்வொர்க்கிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் கிரிப்டோ பணம் போனது, எடுத்தது வட கொரிய ஹேக்கர்கள் என்று எஃப்.பி.ஐ. அடுத்த மாதமே அறிவித்தது.