ஷட்டிலா, சோயுஸா: எதில் ஏறலாம்?

விண்வெளிப் பேச்சு வந்தாலே இந்தச் சண்டையும் கூடவே வந்துவிடும். இரண்டும் ஆட்களை விண்வெளிக்கு ஏற்றிச் செல்லும் கலங்கள். 2011இல் ஓய்வுபெற்ற அமெரிக்காவின் ஷட்டில் அழகு. ரஷ்யாவின் சோயுஸ் பார்க்கப் பழைய கொதிகலன் மாதிரி. அழகு கிடக்கட்டும், உயிரோடு திரும்பலாமா என்று பார்ப்போம்.

கிளம்பும்போது தப்பிக்க
ஷட்டில்: பூஸ்டர்கள் (பக்கவாட்டு உந்து ராக்கெட்டுகள்) எரியும் முதல் 2 நிமிடம் வழியே இருக்கவில்லை. 1986 ஜனவரிக் குளிரில் பூஸ்டர் இணைப்பின் ரப்பர் வளையம் விறைத்துப்போய் சூடான வாயு கசிந்தது. 73ஆவது வினாடியில் சேலஞ்சர் என்ற ஷட்டில் சிதறியது. 7 பேரும் போனார்கள்.
சோயுஸ்: உச்சியில் தப்பிக்கவென்றே தனி ராக்கெட். 1983இல் ஏவுதளத்திலேயே தீப்பிடித்தபோது, இருவரையும் கூண்டோடு பிடுங்கிக்கொண்டு பறந்தது.

வெப்பக் கவசம் (திரும்பும்போது எரியாமல் காக்க)
ஷட்டில்: எரிபொருள் தொட்டியின் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. 2003இல் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு கொலம்பியா என்ற ஷட்டிலின் இடது இறக்கையை உடைத்தது. 16 நாள் கழித்துத் திரும்பும்போது கலம் சிதறி 7 பேரும் இறந்தபோதுதான் அதன் விலை தெரிந்தது. நுரைதானே என்று நினைத்திருப்பார்கள்!
சோயுஸ்: திரும்பும் கடைசி நேரம்வரை கலத்துக்குள் ஒளிந்திருக்கும்.

சரி, சோயுஸும் சுத்தமில்லை. 1967இல் பாராசூட் சரியாக விரியாமல் ஒருவர் இறந்தார். 1971இல் வால்வு திறந்து காற்று வெளியேறி மூவர். மூன்று பேரை உட்கார வைப்பதற்காக அழுத்த உடையே கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அதில் யாரும் சாகவில்லை.

இடம்
ஷட்டில்: 7 பேர், பேருந்து அளவு சரக்கு.
சோயுஸ்: 3 பேர், முழங்கால் மடக்கி.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க ஷட்டில்தான் வேண்டியிருந்தது. ஆளை மட்டும் ஏற்றி இறக்க, நான் முழங்காலை மடக்கிக்கொள்வேன்.