சிறையா, நன்னடத்தைக் கண்காணிப்பா? டெக்சாஸில் உத்தரவை மீறும் பெற்றோர்

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர், நீதிமன்றம் உத்தரவிட்ட பிள்ளைக்கான பராமரிப்புத் தொகையைக் கட்டாமல் விட்டாலும், உத்தரவுப்படி பிள்ளையை மற்றவரிடம் அனுப்பாமல் தடுத்தாலும், டெக்சாஸில் அது நீதிமன்ற அவமதிப்பு. 6 மாதம் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். நீதிபதி விரும்பினால் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்து, நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடலாம்.

சிறையின் பலம் பயம்தான். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏய்ப்பவருக்கு அது வேலை செய்யும். கையில் காசில்லாதவர் உள்ளே போனால் இருக்கிற வேலையும் போகும், பாக்கி ஏறும். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டர்னர் எதிர் ரோஜர்ஸ் வழக்கில், கட்டும் வசதி உண்டா என்று சரியாக விசாரிக்காமல் ஒரு தந்தையைச் சிறைக்கு அனுப்பியது தவறு என்றது.

கண்காணிப்பில் இருப்பவர் அதிகாரியிடம் ஆஜராக வேண்டும், தொகையைக் கட்டிவர வேண்டும். ஆலோசனைக்குப் போகச் சொல்லலாம். இது 10 ஆண்டு வரை நீளலாம். கண்காணிப்புக் கட்டணமும் விழலாம். பிள்ளைக்குப் போக வேண்டிய பணத்தில் அது கைவைப்பது எனக்கு உறுத்துகிறது. நிபந்தனையை மீறினால் சிறைக்கதவு திறந்தே இருக்கிறது.

பிள்ளையைச் சந்திக்கவிடாமல் தடுக்கும் விஷயத்தில் நான் தயங்காமல் கண்காணிப்பின் பக்கம். வெள்ளிக்கிழமை மாலை 6 மணி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ சிறையில் இருப்பதால் எந்த ஆறுதலும் இல்லை. இழந்த நாட்களுக்கு ஈடாகக் கூடுதல் நாட்களை நீதிமன்றம் தரலாம். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.